தோவாளைத் திரையின் பாஸ்வேர்டு உனக்குக் கிடையாது

மக்களே,

வழக்கமாகக் கடிதத் தலைப்பில் எழுதும் அன்பு வார்த்தைகளை இந்த முறை விட்டுவிட்டேன். கோபத்தில் இருக்கிறவள் அதை எழுதினால் நடிப்பாகிவிடும். நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது தோவாளைப் பூ மார்க்கெட்டில் ஓடும் என் பில் திரையை எடுத்துவிட்டு, நீ புதிதாக எழுதிய திரையைப் போடப் போவதாகச் சொல்லியிருந்தாய். அதற்கு அந்தக் கம்ப்யூட்டர்களின் பாஸ்வேர்டு வேண்டும் என்று கேட்டிருந்தாய். பாஸ்வேர்டு கிடையாது. காரணத்தை உன் காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என் திரையைப் பற்றிப் பேசியது ஊர் உலகமெல்லாம் பார்க்கிற வீடியோவில் கிடக்கிறது. அதனால் என் பதிலும் எல்லோரும் படிக்கிற இடத்தில், என் வலைப்பூவிலேயே இருக்கட்டும். நடுநடுவே புத்தியும் சொல்வேன். பெற்றவள் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் அது இல்லாமல் இருக்காது, பொறுத்துக்கொள்.

அந்த வீடியோவை முதலில் பார்த்தது உன் அப்பா. வளைகுடாவிலிருந்து வேலையை விட்டுத் திரும்பியதிலிருந்து அவருக்குப் பொழுது போவதே உன் பெயரை இணையத்தில் தேடுவதில்தான். "ஏட்டி, ஓடி வா, நம்ம பய மேடையில நிக்கான்" என்று கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பெரிய அரங்கம், முன்னால் வெள்ளைக்காரர்கள், நான் எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையில் நீ. எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று, அதை மறைக்கவில்லை. பிறகு உன் முதுகுக்குப் பின்னால் சுவர் அளவுக்கு என் திரையைக் காட்டினாய். விலை போடாத கட்டங்கள் மஞ்சள் மஞ்சளாய் நிற்பதைப் பார்த்து அரங்கம் சிரித்தது. அடுத்து அதன் உள்ளே ஓடும் நிரலை, என் 'கோடை', காட்டினாய். பிழை வந்தாலும் நிற்காதே, அடுத்த வரிக்குப் போ என்று விஷுவல் பேசிக் என்ற பழைய கணினி மொழியில் நான் எழுதிய வரியைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினாய். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாய். முன்வரிசையில் ஒருவர் இதை எழுதியது யார் என்று கேட்டார். எங்கள் ஊரில் யாரோ ஒருவர் என்று சொன்னாய்.

அப்பா வீடியோவை நிறுத்திவிட்டார். "ஏட்டி, பயலு ஆளுகளச் சிரிக்க வைக்கதுக்கு என்னத்தையோ சொல்லியிருக்கான். விட்டுரு" என்றார். "சிரிச்சதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. யாரோவாம் நான். நீங்க கேட்டியளா இல்லியா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். சிரிப்பு எனக்குப் புதிதல்ல. நானே வடசேரியில் என் ஆபீசில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதிய கோடைப் பார்த்துத் தினமும் சிரிக்கிறவள்தான். பழைய கோடு சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உனக்குச் சோறு போட்ட கோடு அது, அதை எழுதியவளைச் சபையில் தெரியாது என்று சொல்லிவிட்டாயே, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக நம் இரண்டு பேருக்கும் உள்ள வழக்கைச் சொல்லிவிடுகிறேன். என் மாதிரி ஆட்கள் திரை எழுதும் விதம் எளியது. ஒரு பட்டனை அழுத்தினால் இந்தக் கட்டத்தில் எண்ணை மாற்று, அந்தக் கட்டத்தில் நிறத்தை மாற்று என்று ஒவ்வொன்றாகக் கட்டளை கொடுப்போம். என் மகனும் அவன் பல்கலைக்கழகத்துக்காரர்களும் அது அநாகரிகம் என்கிறார்கள். எதையும் இடையில் போய் மாற்றக் கூடாதாம். நிலவரம் முழுவதையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து திரையைக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டுமாம். நிலவரம் மாறினால் திரையை மறுபடி முழுதாகக் கணக்கிடு. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று அதற்குப் பெயர்.

நீ மேற்படிப்புக்குப் போன முதல் வருடம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும்போது இதை எனக்கு விளக்கினாய். "ஸ்க்ரீன்னா ஒரு ஃபங்ஷன், கேட்டியாம்மா. இந்தப் பக்கம் ஸ்டேட் குடுத்தா அந்தப் பக்கம் ஸ்க்ரீன் வரணும். நடுவுல எதையும் மாத்தப்பிடாது" என்றாய். "ஃபங்ஷன்னா என்னன்னு எனக்கா சொல்லித் தாற? நான் கணக்கு படிச்சவளாக்கும்" என்றேன். "இது வேறம்மா. இதுல மொனாட் எல்லாம் உண்டு." "அது என்னது?" "அதச் சொல்லி வெளங்க வைக்க முடியாது. பழகப் பழகத்தான் வரும்." சொல்லி விளங்கவைக்க முடியாத ஒன்றுக்கு ஒரு பல்கலைக்கழகம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறதே என்று அன்றைக்கே நினைத்தேன். உனக்கு முன்னால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ சிவப்பு வட்டம் போட்ட அந்த வரியின் கதையை உன் அரங்கத்தில் யாரும் கேட்கவில்லை. இங்கே சொல்கிறேன். 2004-இல் தோவாளையில் தாணு அண்ணாச்சியின் கமிஷன் கடைக்குத்தான் முதன்முதலில் இந்தத் திரையை எழுதினேன். விவசாயிகள் கொண்டுவரும் பூவை எடைபோட்டு, வியாபாரிகளுக்கு விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுக்கிற கடை அது. பூ ஈரமாக வரும். எடை போடுகிறவர் கையும் ஈரம், விசைப்பலகையில் உட்கார்ந்திருக்கும் சுஜாவின் கையும் ஈரம். தராசிலிருந்து வரும் வயர் ஆளின் கால் தட்டினாலே கழன்றுவிடும். பிரிண்டர் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். முதல் வாரம் இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் திரையில் ஒரு பிழைச் செய்தி வந்து, ஓகே அழுத்தினால்தான் நகர்வேன் என்று நிற்கும். பின்னால் பிச்சிப்பூ மூட்டையோடு வரிசை வரிசையாக ஆள் நிற்பார்கள். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பிச்சியை யார் வாங்குவார்? பிரிண்டர் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எடை பதிவானால் போதும் என்றார்கள். அதனால்தான் நிற்காதே, அடுத்த வரிக்குப் போ என்று எழுதினேன். அதைவிட நல்ல வழிகள் உண்டு என்பது எனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு நேரம் இல்லை, பூவுக்கும் நேரம் இல்லை.

அந்த மஞ்சள் கட்டத்துக்கு வருகிறேன். தோவாளையில் பூ முதலில் போகும், விலை பிறகுதான் வரும். கேரளத்து வண்டிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அன்றைக்கு எவ்வளவு பூ வந்தது, எவ்வளவு தேவை என்பது மார்க்கெட் ஒரு மட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்போதுதான் கடைக்காரர்கள் விலையை முடிப்பார்கள். அதுவரை எல்லாப் பில்லும் எடையோடு மட்டும் நிற்கும். விவசாயியும் அதற்கு ஒத்துக்கொண்டுதான் பூவை இறக்குகிறார். விலை இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம்தான் மஞ்சள். உன் வெள்ளைக்காரர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதைப் பார்த்துத்தான் அந்த மார்க்கெட் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது.

2012-இல் விடுமுறைக்கு வந்தபோது, உன் முறையில் இந்தத் திரையைத் திருப்பி எழுதுகிறேன் என்று நீ வடசேரி ஆபீசில் உட்கார்ந்தாய். "ஒரு நாளு மார்க்கெட்டுக்கு வா மக்கா, பாத்துட்டு எழுது" என்று கூப்பிட்டேன். பஸ் ஏறினால் உட்கார்ந்து களைக்கும் முன் தோவாளை வந்துவிடும். "ஒனக்க டேட்டாவப் பாத்தாலே எல்லாம் தெரியும்மா" என்றாய். டேட்டாவில் விலை இல்லாத பில்களைக் கண்டுபிடித்து, குப்பை என்று சொல்லி ஒதுக்கினாய். "வெல இல்லாத பில்லு பில்லே இல்ல. இனி அப்படி ஒண்ணு இருக்கவே முடியாது. டைப்பே விடாது" என்று பெருமையோடு காட்டினாய். டைப் என்றால் எந்தக் கட்டத்தில் எந்த வகை மதிப்பு வரலாம் என்கிற சட்டம். தவறான நிலையை எழுதவே முடியாதபடி செய்துவிட வேண்டும் என்பது உங்கள் ஆட்களின் வேதவாக்கு. "அங்க வெல பொறவுதான் போடுவாவ" என்று நான் சொன்னேன். "பொறவு போடட்டு. பில்லையும் பொறவு போடட்டு" என்றாய். ஓணம் முடியட்டும், அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நிறுத்திவைத்தேன். நான் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடைக்கு மெஷின் வைக்கப் போன நாளாகப் பார்த்து, என் மேசையிலிருந்த பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு போய் உன் திரையைப் போட்டுவிட்டு வந்தாய்.

மறுநாள் ஓணத்துக்கு முந்தின நாள். வருடத்திலேயே பூ மலையாய்க் குவிகிற நாள். அன்றைக்கும் எனக்குக் குலசேகரத்தில்தான் வேலை. அங்கே தோவாளையில் சுஜா எடையைப் போடுகிறாள், திரை விலை கேட்கிறது. காலியாக விட்டால் நகர மறுக்கிறது. பின்னால் வரிசை கத்துகிறது. அவள் ஒன்று என்று அடித்துப் பார்த்தாள், போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஒன்று. உன் திரை அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது, ஏனென்றால் ஒன்று என்பது ஒரு எண், உன் டைப்புக்கு எண் கிடைத்தால் போதும். அதோடு விட்டதா? பில் முழுமையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பூ கொடுத்தவர்கள் எல்லோருடைய போனுக்கும் கிலோ ஒரு ரூபாய் என்று மெசேஜ் அனுப்பிவிட்டது.

தாணு அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். "யம்மா, தெரு முழுக்க ஆளு நிக்காவ. பிச்சி கிலோ ஒத்த ரூவாயாம். என்னைய அடிக்காத ஒண்ணுதான் பாக்கி. இந்தச் சவத்துக் கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேண்டாம்." பஸ் மாறி மாறி நான் தோவாளைக்கு வந்து சேர்ந்தபோது சுஜா கடைக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கூட்டத்தின் முன்னால் நின்று, தப்பு கம்ப்யூட்டரில், அண்ணாச்சியிடம் இல்லை, இந்தப் பெண்ணிடமும் இல்லை என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஒருவர் என் முகத்துக்கு நேரே போனை நீட்டி, "இத எழுதினது யாரு? அவனக் கூட்டிட்டு வா" என்றார். அப்போது எங்கள் ஊரில் யாரோ ஒருவன் என்று நான் சொல்லியிருக்கலாம், இல்லையா? நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அந்த ஏச்சு முழுவதையும் நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம். "என் புரோகிராம்ல ஒரு எர்ரர் கிடையாது. டைப் எல்லாம் கரெக்டு. அவ எதுக்கு ஒண்ணுன்னு போட்டா?" அவள் எதற்குப் போட்டாள் என்று நீ நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். நீ கேட்டது அவளைக் குற்றம் சொல்ல. விலை இன்னும் தெரியாது என்று சொல்ல உன் திரையில் அவளுக்கு இடமில்லை. உண்மையைச் சொல்லும் வழியை அடைத்துவிட்டு, பொய் சொன்னாளே என்று கோபப்பட்டாய். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாய். பழைய திரையைத் திரும்பப் போட்டதும், கடை கடையாக ஏறி இறங்கிச் சமாதானம் சொன்னதும் நான். பாஸ்வேர்டை எல்லாம் அப்போதுதான் மாற்றினேன்.

சரி, படித்தவன், யோசித்து ஒரு முடிவுக்கு வருவாய் என்று இருந்தேன். வந்த முடிவை வீடியோவில் கேட்டேன். பயன்படுத்துகிறவர்கள் குப்பையை அடிப்பார்கள், ஆகவே வேலியை இன்னும் உயர்த்த வேண்டும் என்கிறாய். நம்பமுடியாத விலையை வாங்க மறுக்கிற புதிய திரை தயாராம். அதைத்தான் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவருகிறாய். ஏன்டா மக்கா, ஒரு ரூபாய் என்றதனால்தான் அது பொய் என்று தெருவுக்கே தெரிந்தது. உன் புதிய வேலிக்குப் பயந்து சுஜா நேற்றைய விலையை அடித்துவிட்டால்? அது பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பூ கொடுத்தவனுக்குத் தான் ஏமாந்ததுகூடத் தெரியாது. பிடிபடுகிற பொய்யைப் பிடிபடாத பொய்யாக மாற்றுவதற்கு இத்தனை வருடப் படிப்பா?

இதில் எனக்கு ஆறாத இன்னொன்று உண்டு. உன் ஆய்வேட்டை முழுவதும் அச்செடுத்துப் படித்தேன். நீ எழுதுகிற ஹாஸ்கல் மொழியும் கொஞ்சம் படித்தேன், மொனாட் உட்பட. அது சொல்லி விளங்கவைக்கக்கூடியதுதான், உனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதுவதற்கு உன் மொழியிலேயே அழகான வசதி இருக்கிறது. காலியை மறந்துவிட முடியாது, இரண்டில் எது என்று கேட்டே தீரும். என் மஞ்சள் கட்டத்தைவிட அது உறுதியானது. அதை நீ ஒரே வரியில் எழுதியிருக்கலாம். உன் கல்வியில் குறை இல்லை. ஒரு காலைப்பொழுது பஸ் ஏறி வந்து அந்தக் கடையில் நிற்க உனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

புத்தி சொல்வேன் என்றேன் அல்லவா, கேட்டுக்கொள். உன் அப்பா வளைகுடாவில் இருந்தபோது எப்போது வருவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "தெரியல" என்பார். அங்கேயே இருந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவிக்கு மாசமும் தேதியும் சொல்வார். அவள் வீட்டுக்கு வெள்ளையடித்து, பலகாரம் சுட்டு, அவர் வராமல் போக, கடைசியில் அழுவாள். உன் அப்பாவின் அந்தத் 'தெரியல'வை வைத்துக்கொண்டுதான் நான் நிம்மதியாக இந்த வீட்டையும் ஆபீசையும் உன்னையும் நடத்தினேன். நாளைக்கு உனக்கும் ஒரு வீடு வரும். கட்டிக்கொள்கிற பெண்ணிடம் உன் திரை மாதிரி எல்லாவற்றுக்கும் உடனே விலை கேட்டு நிற்காதே. காலியாக இருப்பதைக் காலியாக விட்டுப் பழகு.

நீ சொன்னதில் சரியானது ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். என் திரையில் பில்லின் ஒரு வரியை அழித்தால் கீழே மொத்தத் தொகை சிலசமயம் பழையதாகவே நிற்கும். வருடக்கணக்காக அதை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அலுத்தேன். மொத்தத்தைத் தனியாக இன்னொரு இடத்தில் சேமிப்பதனால்தான் இந்தக் கோளாறு, அதைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு எடுக்க வேண்டும் என்று உன் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்து என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. போன மாதம் உட்கார்ந்து திரையைத் திருப்பி எழுதினேன். நிலவரம் ஒரே இடத்தில். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். மஞ்சள் கட்டமும் அதிலிருந்தே வருகிறது. மார்க்கெட்டில் அதுதான் இப்போது ஓடுகிறது. மொத்தம் தப்பவில்லை. ஆகவே நீ கொண்டுவரும் திரைக்கு அங்கே வேலை இல்லை. கிறிஸ்துமஸுக்கு வா, கேக் தருகிறேன், கறி வைக்கிறேன். பாஸ்வேர்டைக் கேட்காதே. வேண்டுமென்றால் அதே சுவரில் அதே படத்தைப் போட்டு, இதை எழுதியது யார் என்று சொல்லிவிட்டு வந்து கேள். அப்போது பார்க்கலாம்.

புதிய திரையைத் திறந்ததும் கீழே ஒரு வரி வரும். இந்தக் கணக்கு முறையைச் சொன்னவர் என்று போட்டு உன் முழுப்பெயரை எழுதியிருக்கிறேன். முதல் நாள் தாணு அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். மூட்டைகளோடு நின்ற ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஓணத்துக்கு முந்தின நாள் என்னை ஏசியவர்களும் அதில் இருந்தார்கள்.

"யாரும்மா இது?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"எனக்க மொவன்" என்றேன்.

இரண்டே வார்த்தை. சொல்வதற்கு எனக்கு வாய் வலிக்கவில்லை.